தாய்மாமன் சீராக வந்த கேஸ்

பொங்கியண்ணன் வாயைத் திறந்தால் பால் சொசைட்டியில் கேன் நிரம்பி வழிவதுகூட யாருக்கும் தெரியாது. அன்று காலையும் எல்லோரும் வேலையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய தங்கை புருஷன் செங்கோட்டையன் மட்டும் விரலை மடக்கி நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

நாளை மறுநாள் அவன் மகளுக்குக் காதுகுத்து. நானூறு பேருக்குச் சாப்பாடு. அந்த விருந்துக்கு வேண்டிய கேஸ் முழுக்கத் தன் தோட்டத்துக் கோபர் கேஸ் தொட்டியிலிருந்துதான் வரும், அதுதான் தாய்மாமன் சீர் என்று பொங்கியண்ணன் ஊரறியச் சொல்லியிருந்தார். வேண்டாமென்றால் சீரைத் தட்டிவிட்டான் என்ற பேச்சு வரும். சரியென்றால் நானூறு பேரும் பட்டினி.

ஏனென்றால் நேற்றுத்தான் அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். சாணியும் கோழி எருவும் போட்டவரை ஒழுங்காகத்தான் எரிந்தது. ஆசை யாரை விட்டது? ஜவ்வரிசி மில்லில் மரவள்ளிக்கிழங்குச் சக்கையான திப்பியைச் சும்மா கொடுக்கிறார்களென்று ஒரு டிராக்டர் லோடை ஒரே நாளில் கொட்டிவிட்டார் மனுஷன். தொட்டி புளித்துப் போனது. அடுப்பில் தீக்குச்சியைக் காட்டினால் குச்சிதான் அணைந்தது.

அதைத்தான் பொங்கியண்ணன் இப்போது வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திப்பி விழுந்த வேகத்தில் தொட்டியின் மூடி கிளம்பிவிட்டதாம். மேலே படுத்திருந்த எருமையும் கூடவே போய், தென்னை உயரத்தில் நின்று ஓலை மேய்ந்ததாம். அன்றைக்குக் கறந்த பாலில் இளநீர் வாசமாம்.

"உங்க பாலு போன வாரம் தண்ணியா இருந்ததுக்கு இதானுங்களா காரணம்?" என்றார் செயலாளர் குழந்தைவேல்.

"தண்ணி இல்லீங்க. இளநீரு."

அப்புறம் மாம்பழக்கூழ் ஆலைக் கழிவையும் சேர்த்தாராம். அடுப்புத் தீ கொல்லிமலை வரைக்கும் எட்டி, மரத்திலிருந்த பலாவெல்லாம் வெந்து விழுந்ததாம். அரிசி மூட்டையை அடுப்புப் பக்கம் கொண்டுபோனாலே போதுமாம், மூட்டைக்குள்ளேயே சோறாகிவிடுமாம்.

செங்கோட்டையன் தொண்டையைச் செருமினான். இவருக்கு நியாயம் சொல்லிப் பயனில்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நெசந்தானுங்க மச்சான். உங்க கேஸு நேத்துச் சாயங்காலமே எங்க ஊட்டுக்கு வந்துருச்சு."

பொங்கியண்ணன் திரும்பிப் பார்த்தார். "குழாயே இன்னும் போடலீயே மாப்ள?"

"அதுக்கு எதுக்குங்க குழாயி? காத்து வாக்குலயே வந்து அதுவாப் பத்திக்கிச்சு. சமையல்காரர் எறக்கி வெச்ச நாலு அடுப்பும் வெல்லப்பாகாட்டம் உருகி வாசல்ல ஓடிருச்சு. சீர் வந்து சேதமானா, சீர் அனுப்புனவங்கதான் ஈடு குடுக்கோணும். நாளன்னிக்கு விடியறதுக்குள்ள நாலு அடுப்பு, ஆறு சிலிண்டரு."

அது பொய்யென்றால், தன் தொட்டி எரியவில்லை என்று தானே ஒப்புக்கொண்டதாகும். பொங்கியண்ணன் துண்டை எடுத்து முகத்தை மெதுவாகத் துடைத்துக்கொண்டார்.

"அஞ்சு சிலிண்டரு பத்தாதுங்களா, மாப்ள?"