வார்ம்-அப்பில் பார்த்தது

கிளீட்டஸ் மாஸ்டரைப் பற்றிச் சொல்லப்படும் அந்தக் கதையைக் குணசீலன் ஏழு வருடமாக முழுதாக நம்பவில்லை. முழுதாக நம்பாமலேயே அதை இருபது பேருக்காவது சொல்லியிருக்கிறார். அதை நினைத்தால் அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

கதை இதுதான். பதினாறு வருடங்களுக்கு முன் நாகர்கோவிலில் கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டி. மாஸ்டர் அப்போதுதான் திருச்சியில் இருக்கும் கிளப்புக்கு ஆள் பார்க்கும் வேலையில் சேர்ந்திருந்தார். ஆட்டத்துக்கு முன்னால் பையன்கள் மைதான ஓரத்தில் ஓடியும் குனிந்தும் வார்ம்-அப் செய்துகொண்டிருந்தார்கள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். அதில் ஒருவன் மாஸ்டரின் கண்ணில் பட்டான். அவன் அன்றைக்கு ஆட இறங்கவே இல்லை. கடைசி வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். ஆனாலும் மாஸ்டர் அவன் பெயரைத்தான் எழுதிக்கொண்டு போனார். அவன்தான் அமல்ராஜ். பதினோரு சீசன் ஆடினான். அதில் நான்கு சீசன் கேப்டன்.

குணசீலனுக்கு வயது ஐம்பத்து நான்கு. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, நாற்பத்தேழாவது வயதில் கிளப்பில் மாஸ்டரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர். குரு அவரைவிட மூன்று வயது இளையவர். அதனால் சீடன் குருவை 'மாஸ்டர்' என்பார். குரு சீடனை 'அண்ணே' என்பார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் குணசீலன் கேட்டார்.

"வார்ம்-அப்ல என்ன பாத்தீங்க மாஸ்டர்?"

"பையனப் பாத்தேன்."

இரண்டாவது வருடமும் கேட்டார்.

"எத வச்சு முடிவு பண்ணுனீங்க?"

"முடிவெல்லாம் பண்ணல. எழுதுனேன்."

அதற்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திக்கொண்டார். எந்த ஊர் மைதானமானாலும் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்துகொள்வார். யார் கால் எப்படி விழுகிறது, யார் இடுப்பு எப்படித் திரும்புகிறது, யார் மற்றவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறான் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். பஸ், லாட்ஜ், பரோட்டா, மறுபடி பஸ். இப்படியே ஐந்து வருடம் போயிற்று. ஒரே ஒரு தடவையைத் தவிர, வார்ம்-அப்பில் பையன்கள் ஓடுவது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

இந்த வருடத்தின் கடைசி ஆட்டம் மதுரையில் நடந்தது. மூன்றரை மணிக்கு முடிந்துவிட்டது.

வரும் ஞாயிற்றுக்கிழமை டிராஃப்ட். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் ஆட்டக்காரர்களைக் கிளப்புகள் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் நாள். கடைசி வருடம் மட்டும்தான். அதில் பெயர் வராதவனுக்கு மறுபடி வாய்ப்பு இல்லை. தென்மாவட்டங்களிலிருந்து மூன்று பெயர்களைக் குணசீலன் இந்த ஆட்டம் முடிந்த அன்றே மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். அவர் எழுதினால் கிளப் அநேகமாக எடுத்துவிடும். இரண்டு பெயர் எழுதியாகிவிட்டது.

கேலரிப் படியில் மாஸ்டர் வலிக்கிற முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குணசீலன். வலது ஓரத்தில் ஆடும் தளவாய், பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு படியேறி வந்தான்.

"சார், ஒரு நிமிஷம்."

"சொல்லு தளவாய்."

"போலீஸ் செலக்‌ஷன் வந்துருச்சு சார். திங்கக்கிழமை டிரெய்னிங்ல சேரணும். நீங்க என் பேர எழுதுனா நான் போகல. எழுதலைன்னா போறேன்."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"அம்மா டிரங்குப் பெட்டி வாங்கி வச்சுட்டாங்க சார்."

"போலீசுக்கா, கிளப்புக்கா?"

"பெட்டிக்கு என்ன சார் தெரியும்."

மாஸ்டர் சிரித்துவிட்டார். தளவாய் சிரிக்கவில்லை.

"ஆறு மணிக்கு போன் பண்றேன் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். சுடுகிற சிமெண்டில் குதிகாலை வைக்காமல் நடந்தான்.

குணசீலன் வெகுநேரம் நோட்டைத் திறக்கவில்லை. போன வருடமும் ஒருவன் இப்படித்தான் வந்து நின்றான். ஜெபசிங். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு, குணசீலன் எழுதினார் என்பதற்காகக் கிளப்புக்கு வந்தான். ஏழே மாதத்தில் கிளப் அவனை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. இப்போது தென்காசியில் ஒரு கடையில் லாரி டயர் மாட்டிக்கொண்டிருக்கிறான். ரயில்வே இன்னொருவனை எடுத்துக்கொண்டது.

"எழுதட்டுமா, வேண்டாமா மாஸ்டர்?"

"நீங்கதான பாத்தீங்க."

"ஆறு ஆட்டம் பாத்தேன். மூணுல கண்ண எடுக்க முடியல. மூணுல ஆளயே காணோம்."

"நோட்டு என்ன சொல்லுது?"

குணசீலன் திறந்து படித்தார். "முப்பது மீட்டர் நாலு புள்ளி ரெண்டு செகண்டு. இடது கால் சுமார். தலையால அடிக்கதுல பயம் உண்டு. எழுபது நிமிஷத்துக்கு மேல மூச்சு வாங்குது..."

"அண்ணே, நீங்க ஆட்டக்காரனப் பாக்கீங்களா, அவனுக்குப் பொண்ணு பாக்கீங்களா? கட்டம் கட்டமாப் போட்டு ஜாதகம் மாதிரில்லா வச்சிருக்கீங்க."

"கிண்டல் பண்ணாதீங்க மாஸ்டர். இன்னைக்கு வார்ம்-அப்லயும் பாத்தேன். ஒண்ணும் தெரியல. அமல்ராஜ்கிட்ட உங்களுக்கு என்னதான் தெரிஞ்சுது? இன்னைக்காவது சொல்லுங்க."

"பையனத்தான் பாத்தேன்."

குணசீலன் நோட்டை மூடினார். குரலை உயர்த்தவில்லை.

"ஜெபசிங்க நான் வார்ம்-அப்லதான் எடுத்தேன்."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஆட்டம் அன்னைக்கு அவன் சுமாராத்தான் ஆடுனான். ஆனா வார்ம்-அப்ல, எதிர் டீம் பந்து உருண்டு வந்ததும் அத எடுத்துத் துடச்சுக் குடுத்தான். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. உங்க கண்ணு எனக்கும் வந்துருச்சுன்னு நெனச்சேன் மாஸ்டர். அத நம்பித்தான் எழுதுனேன்."

முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த மாஸ்டரின் கை நின்றது. கீழே மைதானத்தில் இரண்டு பேர் கோல் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வலை முழுவதும் கீழே விழும்வரை மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாகர்கோவில்ல நான் வார்ம்-அப்பப் பாக்கவே இல்லண்ணே."

"என்ன?"

"திருச்சியில இருந்து வந்த பஸ்சு வள்ளியூர்ல நின்னுபோச்சு. நான் கிரவுண்டுக்குள்ள நுழையும்போது ரெண்டாவது பாதி அப்பத்தான் ஆரம்பிக்காங்க."

"பதினேழாம் நம்பர் போட்டு ஒருத்தன் ஆடிக்கிட்டிருந்தான். நாப்பத்தஞ்சு நிமிஷம். அப்படி ஒரு ஆட்டத்த நான் அதுக்கு முன்னயும் பாத்ததில்ல, பெறவும் பாத்ததில்ல. முடிஞ்சதும் மேசையில இருந்த டீம் லிஸ்ட்டப் பாத்தேன். பதினேழு, அமல்ராஜ். எழுதிக்கிட்டு ஓடிப்போய் பஸ்ஸப் புடிச்சேன்."

"அமல்ராஜ் ஆடவே இல்லன்னுதான..."

"ஆடல. மொதப் பாதியில ஒருத்தனுக்கு மூக்குல அடி. ஜெர்சியெல்லாம் ரத்தம். ரத்தத்தோட ஆட விடமாட்டாங்கள்லா? அந்தக் காலேஜ்ல வேற ஜெர்சி இல்ல. பெஞ்சுல இருந்த அமல்ராஜ் தன் ஜெர்சியக் கழட்டி அவனுக்குக் குடுத்துருக்கான். ரெஃப்ரீகிட்ட சொல்லிட்டாங்க. லிஸ்ட்ட யாரும் திருத்தல."

"அப்ப நீங்க எழுதுனது..."

"தப்பான ஆள."

கீழே வலையைச் சுருட்டியவர்களில் ஒருவன் மற்றவனை எதற்கோ திட்டினான். குணசீலனுக்கு அது எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது.

"எப்ப தெரிஞ்சுது?"

"அவன் திருச்சிக்கு வந்து மொதப் பந்தத் தொட்டதுமே. இவன் அவன் இல்லன்னு மனசு சொல்லிருச்சு. சாயங்காலம் அவனே எங்கிட்ட வந்தான். 'சார், நான் அன்னைக்கு எறங்கவே இல்லியே, என்ன எங்க பாத்தீங்க'ன்னு கேட்டான். நல்ல பையன். பொய் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும். 'வார்ம்-அப்ல பாத்தேன் மக்கா'ன்னு சொல்லிட்டேன்."

"ஏன் மாஸ்டர்?"

"எனக்கு அது மொத வருஷம். ஆள மாத்தி எழுதிட்டேன்னு சொன்னா அவனயும் அனுப்பிருவாங்க, என்னயும் அனுப்பிருவாங்க."

"பெறவு?"

"பெறவு என்ன. பொய் சொல்லியாச்சு, அவன் நல்லா ஆடியாகணும். இல்லன்னா நான் மாட்டிக்குவேன். காலையில அஞ்சரைக்கு அவனக் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு வருஷம். மழையில போனோம், காய்ச்சல்ல போனோம். எம் மக பொறந்த அன்னைக்கு மட்டும்தான் போகல. அன்னைக்கும் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நிக்கான், 'இன்னைக்கு லீவா மாஸ்டர்'னு."

மாஸ்டர் சிரித்தார். குணசீலனுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் கோபமாக மாறியது.

"இத்தன வருஷம் இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"கேப்டன் ஆன வருஷம் அவன் டி.வி.ல சொல்லிட்டான். அழுதுக்கிட்டே சொன்னான். 'எங்க மாஸ்டர் என்ன வார்ம்-அப்லயே கண்டுபிடிச்சார்'னு. அதுக்குப் பெறவு நான் எந்த வாயால இல்லன்னு சொல்லுவேன்? நீங்க கேட்டப்பல்லாம் பொய் சொல்லக்கூடாதுன்னு பாத்துப் பாத்துதான் பதில் சொன்னேன்."

"நான் அத ஞானம்னு நெனச்சேன்."

"தெரியும்ணே. அதான் இன்னும் மோசம்."

"ஜெபசிங் டயர் மாட்டிக்கிட்டிருக்கான் மாஸ்டர்."

"அதுல எனக்குப் பங்கு இருக்கு. இல்லங்கல." மாஸ்டர் மெதுவாகக் கேட்டார். "அவன் கிளப்ல ஏழு மாசம் இருந்தான்லா. நீங்க எத்தன நாள் போய்ப் பாத்தீங்க?"

குணசீலன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் யோசிப்பதுபோல் இருந்தார்.

"ரெண்டு நாள்."

"ம்."

"நான் அடுத்த வருஷத்துக்கு ஆள் தேடிக்கிட்டிருந்தேன்."

மணி ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. கேலரியின் நிழல் நடுக்கோட்டைத் தாண்டிப் போயிருந்தது.

"தளவாய எழுதட்டுமா?"

"எழுதுங்க, இல்ல எழுதாம விடுங்க. எழுதுனா விடியக்காலம் அஞ்சரைக்கு அவன்கூட கிரவுண்டுல நிக்கணும். எனக்குத் தெரிஞ்ச வித்தை அவ்வளவுதான்."

குணசீலன் தன் உடம்பை நினைத்துப் பார்த்தார். சர்க்கரை மாத்திரை, தூங்கி எழுந்ததும் பிடித்துக்கொள்ளும் இடுப்பு, லாட்ஜ் லாட்ஜாக விட்டுவந்த தூக்கம். போலீஸ் உடையில் தளவாயையும் நினைத்துப் பார்த்தார். அது அவனுக்கு நன்றாகவே பொருந்தியது. மூன்று ஆட்டங்களில் கண்ணை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததும் நினைவுக்கு வந்தது. எது சரி என்று தெரியவில்லை. தெரியாமலேயே மூன்றாவது பெயரை எழுதி போனில் அனுப்பினார்.

சொன்னபடி ஆறு மணிக்கு போன் வந்தது.

"எழுதிட்டேன்" என்றார்.

தளவாய் பேசுவதற்குள் தொடர்ந்தார்.

"கிளப்ல சேர்ந்த மறுநாள் காலையில அஞ்சரைக்குக் கிரவுண்டுக்கு வந்துரு."

"டிரெய்னிங் ஏழு மணிக்குத்தான சார்?"

"அது அவங்களுக்கு. அஞ்சரைக்கு நான் வருவேன். தினம் வருவேன்."

போனை வைத்துவிட்டு, பெயர்களுக்கு நேராக டிக் போடுவதற்காக நோட்டைத் திறந்தார். இந்த வருடம் பார்த்தவர்கள் எண்பத்து நான்கு பேர். மூன்று டிக் போட்டார். பிறகு பக்கங்களைப் புரட்டினார். அம்பாசமுத்திரத்து கோல்கீப்பர். ராமநாதபுரத்து இடதுகால்காரன். ஒரு பெயருக்குக் கீழே 'அபாரம்' என்று அவரே எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். அந்த ஆள் முகம் அவருக்கு ஞாபகம் வரவில்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் புரட்டினார். மாஸ்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"போலாமாண்ணே? பஸ்ல இடம் கெடைக்காது."

குணசீலன் எழவில்லை.

"மாஸ்டர்" என்றார். "அன்னைக்கு அந்த நாப்பத்தஞ்சு நிமிஷம் ஆடுனானே, அவன் பேரு என்ன?"