வெறுங்கை மூக்காயி

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யானாலும் இனிமேல் நான் வாயே திறக்கமாட்டேன்!

காட்டில் ஓர் இலுப்பை மரம். அதன் அடியில் ஒரு கட்டெறும்புப் புற்று. உள்ளே நீளமாய் ஒரு தெரு. தெருவின் இரண்டு பக்கமும் எறும்புகள் குடியிருக்கும் நூற்றுக்கணக்கான அறைகள். பூ உதிரும் காலத்தில் சுமைகாரிகள் இனிக்கிற பூச்சாற்றைக் கொண்டுவந்து தெருவில் விடுவார்கள்.

அறைக் கதவுகள் உள்ளிருந்துதான் திறக்கும். அதுவும் மூக்காயி என்ற எறும்பு வந்து தட்டினால்தான். முன்பு ஒரு பூரான், "நான்தாண்டி, அக்கா வந்திருக்கேன்!" என்று குரல் மாற்றிக் கூப்பிட்டு, ஓர் அறையையே விழுங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கட்டுப்பாடு. தலைக்கொம்பால் இரண்டு தட்டு, ஒரு தடவல். மூக்காயிக்கு மட்டுமே வரும் அந்தத் தட்டல்.

தலைவி வீராயிக்கு அவளைக் கண்டாலே எரிச்சல்.

"ஏண்டி! ஊரே முதுகொடியச் சுமக்குது. நீ மட்டும் வெறுங்கையை வீசிக்கிட்டு வீடு வீடாப் போறியே!"

"நான் கதவு தட்டுறவ அக்கா."

"அது ஒரு வேலையா? வாசல்ல சோறு கிடந்தா பசிச்சவ தானாத் திறப்பா! போடி வெளியே!"

மூக்காயி புற்றை விட்டு இறங்கி, ஒரு சருகுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டாள்.

மறுநாள் தெருவில் சாறு கணுக்கால் அளவு நின்றது. அறைகளிலிருந்தோ அழுகுரல். "பசிக்குதே! பசிக்குதே!"

"இன்னும் கொண்டு வாங்கடி!" என்று வீராயி விரட்டினாள். கொண்டுவந்தார்கள். அழுகை கேட்டு மனம் பொறுக்காத களஞ்சியக்காரி சடச்சி, சேமித்து வைத்திருந்ததையும் தெருவில் திறந்துவிட்டாள். சாறு பாகாய் இறுகியது. சுமைகாரிகளின் கால்கள் ஒட்டிக்கொண்டன.

"தண்ணி ஊத்திக் கழுவுங்க!"

ஊற்றினார்கள், ஊற்றினார்கள், ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். கழுவிய தண்ணீர் மடை வழியே வெளியே ஓடியது.

மூன்றாம் நாள் வீராயி வெளியே வந்து பார்த்தாள். மடை வாயில் சுள்ளெறும்புகள் வரிசையாய் உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தன.

"வீராயம்மா! உங்க சாக்கடையே எங்களுக்கு விருந்து! வீட்டுக்குள்ளே அவ்வளவு செழிப்பா?"

வீராயிக்குச் சுருக்கென்றது. உள்ளே பிள்ளைகள் பசியில் துடிக்கிறார்கள். வெளியே சாக்கடை இனிக்கிறது! தன் தங்கை பூவாத்தாளின் கதவுக்கு ஓடினாள்.

"பூவாத்தா! நான்தாண்டி, அக்கா வந்திருக்கேன், திற!"

உள்ளிருந்து நூல்போல ஒரு குரல் வந்தது. "பூரானும் அப்படித்தான் சொல்லிச்சு... மூக்காயி எங்கே?"

வீராயி சருகைத் தேடிப் போனாள். தலைவி தலைகுனிந்து நின்றாள்.

"என்னைத் திட்டுறதைப் பிறகு திட்டிக்கோ. இப்போ வந்து தட்டு, தாயி!"

"முதல்ல சுமையை நிறுத்துங்க. களஞ்சியத்தை மூடச் சொல்லுங்க. நான் அளவாத்தான் தட்டுவேன். எல்லாக் கதவையும் ஒரே மூச்சில் தட்டினா தெரு வறண்டுபோகும், மறுவேளைக்கு ஒண்ணும் இருக்காது. அதுவும் சாவுதான்!"

இரண்டு தட்டு, ஒரு தடவல். ஒவ்வொரு கதவாய்த் திறந்தது. தெருவில் பாகு மெல்ல மெல்ல வடிந்தது.

மூன்று கதவுகள் மட்டும் எத்தனை தட்டியும் திறக்கவில்லை.

பூவாத்தாளின் கதவு திறந்தது. உள்ளே குச்சியாய்க் கிடந்தாள்.

"அக்கா, மூணு நாளா வாசம் வந்துச்சு. சோறுதான் வரல."

வீராயி அவளுக்கு ஊட்டினாள். கண் மட்டும் அந்த மூன்று கதவுகளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன்பிறகு யாரையும் அவள் வெறுங்கை என்று சொன்னதில்லை.

நம் உடம்பிலும் இதே கதைதான். இரத்தம் அந்தத் தெரு, சர்க்கரை அந்தச் சாறு, எறும்பு மொய்க்கிற சிறுநீர் அந்தச் சாக்கடை. கணையத்தில் பிறந்து, வீடு வீடாய்ப் போய்க் கதவு தட்டுகிற மூக்காயிக்கு அங்கே இன்சுலின் என்று பேர்.

வாசலில் குவிகிற உணவு பசி தீர்க்காது. கதவைத் திறக்க வைக்கிறவளை வீண் என்று துரத்துகிற ஊர், நிறைந்த தெருவிலேயே பட்டினி கிடந்து சாகும்.

கேட்டீர்கள் அல்லவா? கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்தச் சுள்ளெறும்புகளுக்கு என் வீடு தெரியும்!