ஆறு புட்டிகளும் ஓர் அண்டாவும்

இது யாரோ சொல்லக் கேட்ட கதை அல்ல. இதில் நானும் ஒருவன். ஆகவே முதலில் நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள். பிறகு நான் சொல்கிறேன்.

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் சங்கம் நடத்தியவன் நான். பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை. மீதியெல்லாம் துண்டறிக்கைகளில் படித்தது. வேலைநிறுத்தம் வந்தால் எங்கள் லைன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டில் எவ்வளவு அரிசி இருந்தாலும் சங்கத்தின் அண்டாவில் கொட்டிவிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவு கஞ்சி. நாற்பத்தோரு நாள் வேலைநிறுத்தத்தை அந்த அண்டாதான் ஜெயித்தது. இன்று சங்கம் நடத்துகிறவர்களுக்கு அது எங்கே கிடக்கிறது என்றுகூடத் தெரியாது.

எங்களில் ஆறு பேருக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது. கை நடுக்கம், உடல் விறைப்பு, தளர்ந்த நடை. ஆறு பேருமே இளமையில் முதுகில் டேங்க் கட்டிக் களைக்கொல்லி தெளித்தவர்கள். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனை புது மாத்திரை ஒன்றைச் சோதிப்பதாகக் கேள்விப்பட்டு ஆறு பேரும் ஆய்வில் சேர்ந்தோம்.

டாக்டர் ஹசீனா பொறுமையாக விளக்கினார். மூளைக்குள் ஒரு புரதம் மடிப்புத் தவறிக் கட்டி கட்டியாகச் சேர்கிறது. டோபமைன் சுரக்கும் செல்கள் மெல்லச் சாகின்றன. இப்போதுள்ள மருந்துகள் நடுக்கத்தைக் குறைக்கும்; செல்கள் சாவதைத் தடுக்காது. புது மாத்திரை தடுக்குமா என்பதே கேள்வி. பாதிப் பேருக்கு அந்த மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

"பலன் இருந்தாலும் பல மாதம் கழித்துத்தான் தெரியும். முதல் வாரமே கை இளகினால் மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நோயில் நம்பிக்கையே கொஞ்ச நாள் அப்படிச் செய்யும்" என்றார்.

அவரவர் புட்டியிலிருந்து மட்டுமே சாப்பிடுவோம் என்று ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

எட்டாம் நாள் காலை இருளப்பன் என் வாசலில் வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றான். ஆறு பேரில் அவன் உடம்புதான் மிக மோசம்.

"பாருங்க தலைவரே, அஞ்சு பித்தானும் நானே போட்டது. இனிமே எம் பொண்டாட்டிக்கு வேற வேலை பாத்துக் குடுக்கணும்."

நான் சிரித்தேன். என் கை வேட்டி மடிப்புக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் ஆறு பேரையும் சங்கக் கட்டடத்துக்கு வரச் சொன்னேன். "நம்மில் சிலர் மாவைத் தின்றுகொண்டிருக்கிறோம். தொழிலாளியை இரண்டாகப் பிரிப்பது முதலாளி செய்கிற வேலை. எல்லாப் புட்டியையும் அண்டாவில் கொட்டிக் கலந்து பிரிப்போம். யாரும் வெறும் மாவோடு நிற்க வேண்டாம்" என்றேன்.

சவரியம்மாள் மட்டும் இழுத்தாள். "அரிசியைக் கொட்டுனோம் தலைவரே, அது அரிசின்னு தெரியும். இது என்னன்னு டாக்டரம்மாவுக்கே தெரியலையே?"

"டாக்டரம்மாவுக்கா நடுங்குது சவரி? உனக்குத்தானே நடுங்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கை தூக்கினாள். வெளியே சொல்வதில்லை என்று ஆறு பேரும் சங்கத்துக்கு வாக்குக் கொடுத்தோம்.

மாதந்தோறும் புட்டி வந்ததும் கலந்தோம். டாக்டர் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, "உங்கள் புட்டியிலிருந்து மட்டும்தானே சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பார். ஆமாம் என்போம். நான்காம் மாதம் சவரியம்மாள் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

ஆறு பேரையும் ஆய்விலிருந்து நீக்கினார்கள். டாக்டர் எங்களைத் திட்டவில்லை. "இனி உங்களை வைத்து எதையுமே சொல்ல முடியாது. புதிதாக ஆட்களைத் தேட வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் இருளப்பன் அழுதான். "எனக்கு நல்லாத்தானேக்கா இருந்துச்சு. ஏங்க்கா சொன்ன?"

"எம் மவ இப்ப அந்த டேங்கைச் சுமக்குறாடா. நாளைக்கு அவ கையும் நடுங்குனா, இந்த நோய் இந்த மாத்திரைக்குக் கேக்குமா கேக்காதான்னு யாராவது நிஜத்தைச் சொல்லணுமில்ல?"

நான் எழுந்து நின்று, பஸ் முழுக்கக் கேட்கும்படி அவளைக் கருங்காலி என்றேன். வேலைநிறுத்தத்தைக் காட்டிக்கொடுப்பவர்களைத்தான் எங்கள் சங்கத்தில் அப்படிச் சொல்வோம். அதைவிடக் கேவலமான சொல் எங்களிடம் இல்லை. அன்றோடு லைனில் அவளிடம் பேச்சு நின்றது. இருளப்பனுக்கு மறுபடி கை விறைத்துப்போனது.

எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கட்டும் என்று கலக்கச் சொன்னவன் நான். சங்கத்துக்குக் கொடுத்த வாக்கைக் கடைசிவரை காத்தவன் இருளப்பன். அந்த வாக்கை உடைத்து, டாக்டருக்குக் கொடுத்த வாக்குக்குத் திரும்பியவள் சவரியம்மாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சவரியம்மாள். மூன்று மாதம் தாமதித்தாள், ஆனாலும் அவள்தான். இருளப்பன் தன் உடம்புக்குப் பயந்தவன்; அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என்னை நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தால், நாட்களைக் கவனிக்கவில்லை என்று பொருள். மாவு மாத்திரை பற்றி முதல் நாளே எனக்குத் தெரியும். அன்று நான் சமத்துவம் பேசவில்லை. இருளப்பன் பித்தான் போட்டுக் காட்டிய மறுநாள்தான் பேசினேன். அசல் அவனுக்குப் போய்விட்டது, மாவு எனக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். அவன் புட்டியில் கை வைக்க எனக்கு ஒரு கொள்கை தேவைப்பட்டது. அந்த மாத்திரை உண்மையில் வேலை செய்யுமா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்தப் பதில் தள்ளிப்போனதில் என் பங்கும் உண்டு. சவரியம்மாள் வீட்டுக் கதவு வரை மூன்று முறை போய்விட்டேன். இன்னும் தட்டவில்லை.