மடிக்கணினி வாயடைத்துப் போன கதை

அந்தக் காலத்தில் மடிக்கணினிகளுக்கு வாய் இருந்தது. சூடு ஏறினால் சொல்லும். எழுத்துப் பலகையில் டீ சிந்தினால் ஏசும். வாய் இருந்த காலத்திலும் அநியாயம் இருந்தது. உப்பளத்து ஊரில் இசக்கியம்மாளுக்கு நடந்தவற்றை அவள் சொல்லும் வரிசையில்தான் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் அவளுக்குப் பிடிக்காது.

முதலாவது: மடிக்கணினி செய்யும் ஆலையில் அவள் வேலை பார்த்தபோது, ஓரிடத்தில் பற்றவைத்தது விட்டுப்போகிறது என்று மேற்பார்வையாளரிடம் காட்டினாள். அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "முதல்ல போய் ஒன் கண்ணைச் சோதிச்சுட்டு வா" என்றார்.

இரண்டாவது: அதே இடம் விட்டுப்போய் ஆயிரம் கணினிகள் ஆலைக்குத் திரும்பி வந்தன. குறையைக் கண்டுபிடித்தவர் என்று அறிவிப்புப் பலகையில் மேற்பார்வையாளரின் பெயர் ஏறியது.

மூன்றாவது: நடந்ததை அவள் துண்டறிக்கையாக எழுதினாள். ஆலைத் தொழிலாளர் சங்கம் அச்சடித்தது. அடியில் தலைவரின் பெயர். தலைவர்கள் பெரிய மனசுக்காரர்கள், அடுத்தவர் எழுத்தைத் தம் எழுத்தாகவே நினைப்பவர்கள்.

நான்காவது: துண்டறிக்கையில் இல்லாத அவள் பெயர் வேலைநீக்க உத்தரவில் மட்டும் பிழையில்லாமல் இருந்தது.

ஐந்தாவது அவளுக்கு மட்டும் நடந்ததல்ல. கணினியை எழுப்பி, வேலை வாங்கி, உறங்க வைப்பது இயங்குதளம். அதைச் செய்து கொடுத்துவந்த கம்பெனி, ஐந்து வயது தாண்டிய கணினிகளுக்கு இனி இயங்குதளம் கிடையாது என்று அறிவித்துவிட்டது. கல்லுக் குண்டாக இருந்த கணினிகள் காலையில் கண் விழித்து, "எனக்கு வயசாயிட்டாம்" என்று முனகின.

அன்றைக்கு இசக்கியம்மாள் பட்டியலை மூடி வைத்துவிட்டு, சொந்தமாக ஓர் இயங்குதளம் எழுத உட்கார்ந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. பிறர் தோட்டம் போடுவதுபோல, ஆசைக்கு எழுதினாள். ஏழு வருடம் ஆயிற்று. 'உப்பு' என்று பெயர் வைத்தாள். யாரும் இலவசமாக எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று முதல் பக்கத்தில் எழுதி, கீழே ஒரு நிபந்தனை போட்டாள்: எழுதியவர் பெயரை அழிக்கக் கூடாது. அந்த ஒன்றில் மட்டும் அவள் யாருக்கும் இளக மாட்டாள்.

எழுதியதைப் போட்டுப் பார்க்க அவளிடம் ஒரு கணினி இருந்தது. பழைய இரும்புக் கடையில் கிடந்தது. மூடியைத் தாங்கும் இரண்டு கீல்களில் ஒன்று முறிந்து, திறந்தால் மூடி ஒரு பக்கமாகச் சாயும். ஒத்தக்கீலு என்று கூப்பிட்டாள். ஏழு வருடமும் அவள் எழுதியதையெல்லாம் தன்மேல் போட்டுக்கொண்டு விழுந்தது, எழுந்தது, எங்கே வலிக்கிறது என்று சொன்னது. விசிறியை ஓட்ட மறந்துவிட்டாய், வேகிறது என்றது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது என்றது. அதிகம் ஏசினால், "இரும்புக் கடைக்காரன் என்னை நல்லாத்தான் வச்சிருந்தான்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

உப்பை ஊருக்குக் கொடுக்கும் நாள் வந்தது. உப்பளத் தொழிலாளர் சங்கத்து மாடியில், காலை பத்து மணிக்கு முப்பத்திரண்டு பேர் தங்கள் கணினிகளோடு வருவதாகப் பேச்சு. ஜெராக்ஸ் கடை ராயப்பன் அவளுக்குப் பழைய தோழன். நகல் எடுத்துக் கொடுப்பது அவன் பொறுப்பு. புதிதாக ஒன்றை ஊருக்குக் கொடுத்தால், செய்தவர் பெயரைச் சாட்சிகள் முன்னால் வாசிப்பது அந்த ஊர் வழக்கம். இசக்கியம்மாள் ஒரு தாளில் தன் பெயரை எழுதி மடித்து இடுப்பில் சொருகியிருந்தாள். இந்த முறை அடியில் வேறு யார் பெயரும் வராது.

"அக்கா, இன்னைக்குக் கொடுக்காதே" என்றது ஒத்தக்கீலு. மூடியை மூடித் திறந்தால் திரை கறுப்பாகவே நிற்கிறதாம்.

"ஒனக்குக் கீல் ஒடிஞ்சிருக்கு. அது ஒன் கோளாறு. நான் எழுதுன நிரல்ல குறை இல்லை."

"கீலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மூடும்போது திரை விளக்கை அணைக்கச் சொல்லுதே நீ. திறக்கும்போது ஏத்தச் சொல்ல மறந்துட்டே. நான் முழிச்சுத்தான் கிடக்கேன் அக்கா, வெளிச்சம்தான் இல்லை."

"நல்ல கீல் உள்ளவன் எவனாவது சொல்லட்டும், கேட்டுக்கிடுதேன்."

"நல்ல கீல் உள்ளவன்மேல நீ இன்னும் போட்டே பாக்கலையே."

அது சுருக்கென்று தைத்தது. அதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவர்கள் காதில் விழும்படி ஒத்தக்கீலு சொன்னதையே திரும்பச் சொல்லத் தொடங்கியது. ஏழு வருட உழைப்பின் மானத்தை, தான் பொறுக்கி எடுத்து வந்த ஒன்று, வாசலில் வைத்து வாங்குவதாக அவளுக்குத் தோன்றியது.

கணினியின் அடி நினைவில் பேச்சுக்கென்று சிறிய இடம் உண்டு. எந்த இயங்குதளமும் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டுதான் போகும். இசக்கியம்மாள் அந்த இடத்தின் மேலும் உப்பை எழுதும்படி கட்டளை தட்டினாள். ஒத்தக்கீலு, "அக்கா" என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் குரல் வரவில்லை; அந்தச் சொல் மட்டும் திரையில் எழுத்தாக நின்றது.

ராயப்பன் அதிலிருந்தே முப்பத்திரண்டு நகல் எடுத்தான்; நகலோடு அந்தக் கட்டளையும் ஏறியது. முப்பத்திரண்டு கிழட்டுக் கணினிகளும் பளிச்சென்று எழுந்தன. கைதட்டிய சத்தத்தில், எதுவும் வாய் திறக்கவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

தாலுகா அலுவலக வாசலில் மனு தட்டிக் கொடுக்கும் பேச்சிமுத்து முதல் வரிசையில் இருந்தார். கையோடு ஒரு கைம்பெண்ணின் ஓய்வூதிய மனுவை அடித்து முடித்தார். மூடியை மூடிவிட்டு டீ குடிக்கப் போனார். வந்து திறந்தால் திரை கறுப்பு. மனு போயிற்று என்று தலையில் கை வைத்தார். பக்கத்தில் இருந்தவர், தன்னுடையதும் அப்படி ஆகிறதா என்று மூடிப் பார்த்தார். அதுவும் கறுப்பு. இப்படி ஒவ்வொருவராகப் பார்த்து எல்லாமே கறுத்தன. எங்கே வலிக்கிறது என்று கணினிகளைக் கேட்டார்கள். பதில் இல்லை.

ராயப்பன் அவள் காதருகில் வந்தான். "மெஷின் பழசுன்னு சொல்லிருவோமா? பழசுதானே எல்லாம்."

குரல் ராயப்பனுடையது. சொல் அந்த மேற்பார்வையாளருடையது. இசக்கியம்மாளுக்குத் தன் பட்டியல் நினைவுக்கு வந்தது. அதில் ஆறாவது என்று ஒன்று ஏறியிருந்தது. அதைச் செய்தவள் பெயர் அவள் இடுப்பில் மடித்துச் சொருகியிருந்தது.

"ஒங்க கணினில குறை இல்லை" என்றாள் எல்லோரிடமும். "குறை என் நிரல்ல. காலைல ஒருத்தன் சொன்னான். அவன் ஒடம்பைக் குறை சொல்லி, வாயை அடைச்சுட்டேன்."

ராயப்பனின் கைப்பேசி விளக்கை வாங்கி, பேச்சிமுத்துவின் கறுப்புத் திரையில் சாய்த்துப் பிடித்தாள். உள்ளே மங்கலாக எழுத்துகள் தெரிந்தன. மனு அப்படியே இருந்தது. பேச்சிமுத்து அந்த வெளிச்சத்திலேயே குனிந்து அதைச் சேமித்துக்கொண்டார். கணினி விழித்துத்தான் கிடந்தது. வெளிச்சம்தான் இல்லை.

திருத்தம் இரண்டு வரி. ஒத்தக்கீலுவின் மூடியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறுகையால் எழுதினாள். மறுபடி நகல் போனது, முப்பத்திரண்டும் மூடித் திறந்து பார்க்கப்பட்டன, எல்லாம் வெளிச்சமாக எழுந்தன. பேச்சு மட்டும் வரவில்லை. அதை எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. நகல் எவரிடமும் இல்லை. அந்த இடத்தில் படிந்துவிட்ட உப்பைத் தனியே பிரித்தெடுக்கவும் முடியவில்லை. ஊர் ஊராக உப்பு போன இடமெல்லாம் அந்த ஊமைத்தனமும் கூடவே போயிற்று.

ஒத்தக்கீலுவின் திரையில், "அக்கா" என்று நின்றுபோன இடத்தில், சிறிய கோடு ஒன்று தோன்றி மறைந்தது. மறுபடி தோன்றியது. மிச்சத்தைச் சொல்ல வாய் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது.

பெயரை வாசிக்கலாமே என்று பேச்சிமுத்து நினைவுபடுத்தினார். இசக்கியம்மாள் இடுப்புத் தாளை எடுத்துப் பிரித்தாள். திருப்பினாள். வெற்றுப் பக்கத்தில் ஒரு பெயரை எழுதிக்கொண்டு எழுந்து நின்றாள்.

அன்று முதல்தான் மடிக்கணினிகள் பேசுவதில்லை; எழுதப் போகும் இடத்தில் ஒரு கோடு மட்டும் மினுக் மினுக்கென்று காத்து நிற்கிறது. உப்பின் புதிய பதிப்பு எப்போது வெளிவந்தாலும் செய்தவர் பெயர் கடைசியில்தான். குறை சொன்னவர்களின் பெயர்களைத்தான் முதலில், சாட்சிகள் முன்னால் எழுந்து நின்று வாசிக்கிறார்கள். பட்டியல் எத்தனை நீளமானாலும் அது அன்று இசக்கியம்மாள் உரக்க வாசித்த பெயரில்தான் தொடங்குகிறது: "ஒத்தக்கீலு."