மடக்கிய விரல்

வாய்க்கால் ஓரத்து மடத்துக்குச் சீடர் கூட்டம் கிடையாது. இருந்தது ஒரே ஒருத்தி, தையல்நாயகி. சாமிக்கு நாற்பது வயது. அவளுக்கு ஐம்பத்தைந்து. உபதேசம் கேட்க வருகிறேன் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. சண்டை போட வருகிறேன் என்பாள். சாமியும் மறுத்ததில்லை.

அவள் நடவுக் கொத்துக்குத் தலைவி. ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போய் நடுவாள், கூலி பேசுவாள், பங்கு பிரிப்பாள். கலியமூர்த்தியின் வயல் முழுக்க வருஷா வருஷம் அவள் கொத்துதான்.

அன்றைக்கு வந்து உட்கார்ந்தபோது முகம் சரியில்லை.

“சாமி, எவ்வளவு குறைக்கட்டும்?”

“எதை?”

“கூலியை.”

விஷயம் இது. சம்பா நடவுக்குக் கலியமூர்த்தி வங்காளத்திலிருந்து ஆள் இறக்கியிருந்தார். எல்லாம் ஆண்கள். அவருடைய மோட்டார் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். தையல்நாயகி வாங்கிக்கொண்டிருந்தது ஏக்கருக்கு ஐயாயிரம். அவனுங்க நாலுக்கே ஒத்துக்கிட்டானுங்க, நீ மூன்றரைக்கு வந்தால் வயல் உனக்கு, நாளைக்குள் சொல்லு என்றுவிட்டார் கலியமூர்த்தி. சொல்லும்போது மூன்று விரலை நீட்டி நாலாவதைப் பாதி மடக்கிக் காட்டினார். அந்த மடக்கல்தான் அரை.

போன வருஷமும் ஒரு கதை நடந்தது. நடவு மெஷின் வரப்போகிறது என்று சொல்லி ஐந்தரையை ஐந்தாக்கினார். மெஷின் வரவில்லை. இறங்கின கூலியும் திரும்ப ஏறவில்லை.

கொத்துப் பெண்கள் மூன்றரைக்குத் தலையாட்டிவிட்டார்கள். பட்டினிக்கு அரை வயிறு தேவலை என்பது அவர்கள் கணக்கு. தையல்நாயகிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. வந்தவர்கள் கை விழுந்துபோகட்டும் என்று சாமி முன்னாலேயே சபித்தாள்.

சாமி உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“நாளைக்கு மடத்து வயலில் நடவு. கொத்தோட வா.”

“நான் கேட்டதுக்குப் பதில்?”

“நட்டுட்டுக் கேளு, தாயி.”

பதில் தெரியாத சாமியாரெல்லாம் இப்படித்தான் சொல்வார்கள் என்று முனகிக்கொண்டே போனாள். அவர் காதில் விழும்படிதான் முனகினாள்.

மறுநாள் விடிந்ததும் கொத்தோடு வந்தாள். மடத்து வயல் வரப்பில் ஏற்கெனவே ஆள் நின்றது. கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு, அந்த வங்காளத்து ஆட்கள். அவர்களுக்கு மூப்பன் போல ஒருவன், சுபல் என்று பெயர். அவளைப் பார்த்ததும் “வணக்கம் அக்கா” என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழில் பாதி அதிலேயே தீர்ந்தது.

தையல்நாயகி சாமியிடம் போனாள்.

“என்ன சாமி இது?”

“வயல்.”

“அது தெரியுது. இவனுங்க யாரு?”

“நடவாள். ஒரு பாதி அவங்க, ஒரு பாதி நீங்க. நாற்றங்கால் ஒண்ணுதான், சண்டை போடாம எடுத்துக்குங்க.”

அவ்வளவுதான். அவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

திரும்பிப் போய்விடலாம் என்று ஒருத்தி சொன்னாள். வந்த கூலியை விடுவானேன் என்றாள் மலர்க்கொடி. அவள் கொத்தில் வாய்க்காரி. ஆம்பிளை குனிந்து நாற்று நடுவதை இன்றைக்குத்தான் பார்க்கப் போகிறேன், அதுக்காவது நிற்கலாம் என்றாள். நின்றார்கள்.

வழக்கப்படி ஈசான மூலையில் தையல்நாயகி முதல் நாற்றை ஊன்றினாள். பெண்கள் சேர்ந்து குலவை போட்டார்கள்.

அந்தப் பக்கம் வேலை நின்றது. எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள். ரோட்டைப் பார்த்தார்கள், மடத்து வாசலைப் பார்த்தார்கள். ஒருவன் சேற்றுக் கையைக் கழுவி, தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டான். பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

சுபல் தயங்கித் தயங்கி வந்தான். தலைக்கு மேல் கையைக் குவித்துக் கிரீடம் மாதிரி காட்டினான். கழுத்தில் மாலை போடுவது போல் காட்டினான். பிறகு, எங்கே என்று கையை விரித்தான்.

மலர்க்கொடிக்குத்தான் முதலில் விளங்கியது. அவர்கள் ஊரில் கல்யாணத்தில்தான் குலவை போடுவார்கள் போலிருக்கிறது. மாப்பிள்ளை ஊர்வலம் எங்கே என்று தேடுகிறான்.

“பொண்ணு இதோ நிக்கிது பாரு” என்று தையல்நாயகியைக் காட்டினாள்.

சுபல் நம்பிவிட்டான். சேற்றில் நின்றபடியே அவளைக் கும்பிட்டான். மற்றவர்களும் வரிசையாகக் கும்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு யாராலும் உடனே குனிய முடியவில்லை. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தையல்நாயகி மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நட்டாள். இரண்டு முடி நாற்று நட்டதும் அவளுக்கும் தோள் குலுங்கியது.

வெயில் ஏறியபோது சாமி மோர்த் தவலையோடு வரப்பில் வந்தார். மலர்க்கொடி ஓடிப்போய் அவர் காலடியில் ஒரு நாற்று முடியை வைத்தாள். பெண்கள் குலவை போட்டார்கள். நடவு வரப்பில் நடந்து வருகிறவர் யாரானாலும் இதுதான். முடியைத் தாண்டக் கூடாது. ஏதாவது கொடுத்தால்தான் எடுப்பார்கள். சாமி இடுப்பு முடிச்சிலிருந்து கற்கண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். வங்காளத்து ஆட்கள் இதையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கற்கண்டில் பங்கு வந்தது.

மத்தியானம் புங்கமரத்தடியில் இலை போட்டார் சாமி. ஆண்கள் வரிசைக்கு எதிரே பெண்கள் வரிசை. சோறு, ரசம், மலை போல உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கைப் பார்த்ததும் ஆண்கள் வரிசையில் பேச்சே நின்றுவிட்டது. இப்படித் தின்பவன் நாலாயிரத்துக்கு நட்டால் ஊர் போய்ச் சேரமாட்டான் என்றாள் மலர்க்கொடி.

அது தையல்நாயகிக்குச் சுருக்கென்று தைத்தது. இலையிலிருந்து கையை எடுத்தாள். எதிரே சுபல்.

“ஏன் தம்பி” என்று நாலு விரலைக் காட்டினாள். “உனக்கு இது போதுமா? எங்க வயித்துல ஏன் அடிக்கிறே?”

வார்த்தை அவனுக்குப் புரியவில்லை. விரல் புரிந்தது. இல்லை என்று வேகமாகத் தலையாட்டினான். தன் நெஞ்சைத் தொட்டு ஐந்து விரலைக் காட்டினான். பிறகு பெண்கள் வரிசையைச் சுட்டி நாலு காட்டினான்.

“யாரு, நாங்களா?”

அவன் “மாலிக், மாலிக்” என்று கலியமூர்த்தி வீட்டுப் பக்கம் கையைக் காட்டினான். போன் பேசுவது போல் காதில் கையை வைத்தான். அவர்களை அனுப்பிய புரோக்கர் கலியமூர்த்தி பேச்சைப் போனில் அவர்கள் மொழியில் சொல்லியிருக்கிறார். கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டு மூன்று விரலை நீட்டி நாலாவதைப் பாதி மடக்கினான்.

தையல்நாயகி அந்த மடக்கிய விரலையே பார்த்தாள். நேற்று கலியமூர்த்தி அவளுக்குக் காட்டிய அதே விரல்.

இவளிடம், அவர்கள் நாலுக்கு ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர்களிடம், இவள் நாலுக்கு ஒத்துக்கொண்டாள் என்று. இரண்டு பக்கமும் ஐந்திலேயே இருந்தது. இரண்டு பக்கமும் மூன்றரைக்கு இறங்கத் தயாராக வந்து எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்கிறது.

மெல்ல அவள் தன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். நெஞ்சைத் தொட்டாள். சுபல் வாயைப் பிளந்தான். பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொன்னான். அவன் அடுத்தவனிடம் சொன்னான். செய்தி வரிசைக் கடைசிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒருத்தன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். பெண்களும் சிரித்தார்கள்.

சாமி ரசம் ஊற்றிக்கொண்டு போனார். எதையும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கை கழுவி எழுந்திருக்கும்போது கலியமூர்த்தி வரப்பு வழியே வந்தார். பதில் கேட்டுப் போக வந்திருந்தார். வெள்ளை வேட்டி, குடை. இரண்டு கொத்தும் ஒரே மரத்தடியில் இருப்பதைப் பார்த்ததும் அவர் நடை குறைந்தது.

மலர்க்கொடி அவர் காலுக்கு முன்னால் நாற்று முடியை வைத்தாள். குலவை எழுந்தது. சரி என்று கலியமூர்த்தி வந்த வழியே திரும்ப முயன்றார். பின்னால் சுபல் இன்னொரு முடியை வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான். அவனுடைய ஆள் ஒருவன் குலவை மாதிரி ஒன்று போட்டான். ஆடு கத்தியது போல இருந்தது. அவர்கள் ஊரிலும் அது பெண்கள் வேலைதான் போலும்.

முன்னும் பின்னும் முடி. இருபுறமும் சேறு. நடுவில் வேட்டி.

“இவனுங்களுக்கு யாரு இதைச் சொல்லிக் குடுத்தது?” என்றார் கலியமூர்த்தி.

தையல்நாயகி ஐந்து விரலைக் காட்டினாள். அவர் திரும்பினார். சுபலும் ஐந்து விரலைக் காட்டினான்.

கலியமூர்த்தி சாமியைத் தேடினார். சாமி எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்.

வாய்க்காலில் முறைத் தண்ணீர் இந்த வாரத்தோடு சரி. நாற்றுக்கும் வயசு ஏறிக்கொண்டிருந்தது. வேறு ஆள் தேட நேரமில்லை. கொஞ்ச நேரம் குடையை மடக்கினார், விரித்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஐந்துக்கு ஒத்துக்கொண்டார். மேட்டு வயல் பெண்களுக்கு, பள்ளத்து வயல் அவர்களுக்கு என்று பேச்சு முடிந்தது. அதன் பிறகும் முடியை எடுக்கவில்லை. குலவைக் காசு தனி என்றாள் மலர்க்கொடி. இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

பொழுது சாய நடவு முடிந்தது. தையல்நாயகி வாய்க்காலில் இறங்கிக் கால் கழுவினாள். சாமி படித்துறையில் தவலை தேய்த்துக்கொண்டிருந்தார்.

“கூலி அஞ்சுலயே நின்னுடுச்சு சாமி.”

“ம்.”

“ஆனா வயல் பாதி போயிடுச்சே.”

“போச்சுதான்.”

இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தாள். அவர் சொல்லவில்லை. அவளுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

“அவனுங்க தங்க ஊரோட இருந்திருந்தா முழு வயலும் எனக்குத்தானே?”

“போன வருஷம் ஊரோடதானே இருந்தாங்க. முழுக் கூலி வாங்கினியா?”

“அது மெஷினைச் சொல்லிக் குறைச்சாரு.”

“நீ எவ்வளவுக்கு ஒத்துக்கிட்டேன்னு மெஷினைக் கேட்டியா?”

“நல்லாருக்கே. மெஷினை எப்படிக் கேக்கிறது?”

அக்கரையில் வங்காளத்து ஆட்கள் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சுபல் திரும்பிப் பார்த்து, நாளைக்குப் பார்ப்போம் அக்கா என்பது போல் கையை உயர்த்தி ஆட்டினான்.

சாமி தவலையைக் கவிழ்த்தார்.

“அவனுக்கு விரல் இருக்கு, தாயி.”