மூன்றாவது பேரிங்

“மறுபடியும் போயிருச்சுங்க, மாஸ்டர்.”

நாச்சிமுத்து கையை விரித்தார். உள்ளங்கையில் பிறை மாதிரி ஓர் உலோகத் துண்டு. வழவழவென்று இருக்க வேண்டிய அதன் உட்புறம் செம்பு தெரியத் தேய்ந்து கிடந்தது.

எஞ்சினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங். மூன்றாவது.

ரெஜினா அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. ரேஸ் கார் எஞ்சின் கட்டுவதில் கோவையில் பேர் போனவர் அவர். ஷெட்டில் எல்லோருக்கும் மாஸ்டர். நாச்சிமுத்து அவரைவிடப் பத்து வயது மூத்தவர். கோழிப் பண்ணையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு அவரிடம் வேலை படிக்க வந்தவர். மகள் மிதுலா ஓட்டும் காருக்குத் தன் கையாலேயே எஞ்சின் கட்ட வேண்டும் என்று ஆசை.

ஆசைக்கென்ன, அது பாட்டுக்கு இருக்கும். பேரிங் இருக்க வேண்டுமே.

“இந்தத் தடவை என்ன மாத்துனீங்க?”

“ஆயில் கெட்டியாப் போட்டனுங்க. பேரிங்கு ரேஸுக்குன்னே செய்யறது. பம்பும் பெருசு.”

“டர்போ?”

“அதையுங் கொஞ்சம் ஏத்துனனுங்க. வேகம் வேணுமில்லீங்களா?”

ரெஜினா பெருமூச்சு விட்டார். ஒவ்வொரு முறையும் இதே பதில். கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துவிட்டது. கட்டிக் கட்டி நாச்சிமுத்துவுக்கும் அலுத்துவிட்டது, பாவம்.

“ஞாயித்துக்கிழமை ரேஸுங்க. போன வாரம் இது போனப்ப எஞ்சின் உடைஞ்சு, ஆயில் பின்சக்கரத்துல கொட்டி, வண்டி சுத்திருச்சு. புள்ள செவுத்துக்கிட்டப் போய் நின்னா. இன்னொருக்கா அப்படி ஆனா நான் தாங்கமாட்டனுங்க. எப்படி நிறுத்தறதுன்னு சொல்லுங்க.”

ரெஜினா எஞ்சினுக்கு அடியிலிருந்து கழற்றிய ஆயில் தொட்டியை மேசைமேல் வைத்து, கொஞ்சம் ஆயில் ஊற்றினார். ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

ஆயில் மொத்தமும் மறுபக்கம் ஓடியது. பம்ப் உறிஞ்சும் இடம் வறண்டு போனது.

“டிராக்குல வர்ற பெரிய வளைவு,” என்றார்.

நாச்சிமுத்துவுக்கு விளங்கிவிட்டது. வேகமாகத் திரும்பும்போது பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றைக் குடிக்கிறது. பேரிங் காய்ந்து போகிறது.

“தடுப்புத் தகடு வெச்சு வெல்டு பண்ணிரலாங்க!”

“பண்ணுங்க.”

“அப்பறம் போகாதில்லீங்க?”

ரெஜினா காருக்குள் தலையை நீட்டினார். டாஷ்போர்டுக்குக் கீழே ஓர் ஒயர் அறுந்து தொங்கியது. இழுத்துக் காட்டினார்.

“அது பஸ்ஸருங்க. ஆயில் பிரஷர் குறைஞ்சாக் கத்தும். அந்தப் பெரிய வளைவுல ரவுண்டுக்கு ரவுண்டு கத்துச்சு. கத்துனா புள்ள ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துருவா. டைம் போயிருமில்லீங்களா? சென்சார் கோளாறுதான்னு நானே வெட்டி உட்டுட்டேன்.”

“எப்ப?”

“மொத எஞ்சின் போறதுக்கு ஒரு வாரம்…”

சொல்லிக்கொண்டே அவர் கண் மேசைமேல் இருந்த ஆயில் தொட்டிக்குப் போனது.

ரெஜினா பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“மிதுலாவக் கூப்பிடுங்க. எஞ்சின் போறதுக்கு முன்னால என்ன சத்தம் கேட்டுச்சுன்னு கேளுங்க.”

“அவளுக்கு எஞ்சினப் பத்தி என்னங்க தெரியும்?”

ரெஜினா ஸ்டூலில் உட்கார்ந்து, போனைக் கண்ணால் காட்டினார். நாச்சிமுத்து அதை எடுத்தார்.

“கண்ணு, அன்னிக்கு வண்டி சுத்துறதுக்கு முன்னால ஏதாச்சும் சத்தங் கேட்டுச்சா?”



“கேட்டுச்சுப்பா. வளைவுல போறப்ப அடியில டக்டக்னு தட்டுச்சு. ரெண்டு ரவுண்டு முன்னாலயே.”

“அப்பறம் ஏஞ்சாமி நீ காலை எடுக்கல?”

“எடுத்தா பயந்தாங்கொள்ளின்னு திட்டுவீங்களேப்பா.”