மைனா பார்த்து வைத்த அருவி வீடு

கருங்காலிக் காட்டில் ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் மைனா, ஆமை, முள்ளம்பன்றி, முயல் நான்கும் சிநேகிதமாக வாழ்ந்தன. மைனாவின் பெயர் மங்களம். ஆமை அடைக்கலம், முள்ளம்பன்றி முத்துவேல், முயல் செவந்தி.

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் அந்தக் காட்டில் வசதியுள்ளவர்கள் தேன்பாறை மலைக்குப் போய் ஒரு மாதம் தங்கிவிட்டு வருவார்கள். மலையில் குகை வைத்திருப்பவர்கள் வாடகைக்கு விடுவார்கள். நாலைந்து பலாச்சுளை கொடுத்தால் போதும். ஆமை மட்டும் ஒரு வருஷமும் போனதில்லை. கோடை முழுவதும் குளத்துச் சேற்றில் புதைந்து கிடக்கும். யாரும் அதைக் கூப்பிட்டதுமில்லை.

இந்த வருஷம் முயலுக்கு என்ன தோன்றியதோ, "நாலு பேரும் சேர்ந்தே போவோமே!" என்றது. ஆமைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இரண்டு நாள் சாப்பிடாமல் சிரித்துக்கொண்டே இருந்தது.

வீடு பார்க்கும் பொறுப்பு மைனாவிடம் வந்தது. இறக்கை உள்ளவர் போனால் காலையில் கிளம்பி மதியத்துக்குள் மலை முழுவதையும் பார்த்துவிடலாம் என்று முத்துவேல் சொல்ல, எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மைனாவும் பெருமையோடு பறந்தது. நான்கைந்து குகைகளைப் பார்த்தது. ஒன்றில் வௌவால் நாற்றம், ஒன்றில் இருட்டு, ஒன்றுக்கு முன்னால் வெறும் புதர். கடைசியாக ஒரு குரங்கின் குகையைப் பார்த்ததும் சொக்கிப்போய்விட்டது.

வாசலில் நின்றால் எதிரே அருவி. உள்ளே மூன்று அறை. சிலுசிலுவென்று காற்று. மைனா கெட்டிக்காரிதான், கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டது. பாம்பு வருமா என்றது. வராது என்றது குரங்கு. தண்ணீர் பக்கமா என்றது.

"கை நீட்டினா தண்ணிதான்" என்றது குரங்கு. சொன்னதோடு நிற்காமல், வாசலில் தொங்கிய ஆலம்விழுதைப் பிடித்துச் சறுக்கி, அருவியில் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு மேலே வந்தது. அது பொய் சொல்லவில்லை. மைனாவும் ஒருமுறை சிறகடித்து இறங்கி ஒரு வாய் குடித்துவிட்டு வந்தது. அங்கேயே பேசி முடித்துவிட்டது. தூரத்துப் பச்சை கண்ணுக்கு அழகு என்பார்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாமே தூரத்துப் பச்சைதான் என்பது மைனாவுக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் நான்கும் கிளம்பின. மைனா முன்னால் பறந்து வழி காட்டியது. ஒரு மரத்தில் உட்காரும், திரும்பிப் பார்க்கும், காத்திருக்கும். நான் ஒரு நொடியில் வந்த தூரத்துக்கு இவர்களுக்கு ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று முதலில் ஆச்சரியப்பட்டது. பிறகு சூரியன் ஏற ஏற, மரத்தில் உட்காராமல் அவர்கள் தலைக்கு மேலேயே திரும்பத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தது.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று முயல் கேட்டது. "இதோ, அந்தத் திருப்பம்தான்" என்றது மைனா. திருப்பம் போனது. இன்னொரு திருப்பம் வந்தது. மறுபடியும் முயல் கேட்டது. மைனா அதே பதிலைச் சொன்னது. ஆனால் இந்தத் தடவை அதன் குரலே அதற்குப் பிடிக்கவில்லை.

காட்டு நிழல் முடிந்து மொட்டைப் பாறை தொடங்கியது. பாறை அனலாய்க் கொதித்தது. ஆமை எல்லோருக்கும் பின்னால் வந்தது. ஓர் அடி வைக்கும், நிற்கும், அடுத்த அடி வைக்கும். கஷ்டமா என்று முத்துவேல் கேட்டபோது, அதெல்லாம் இல்லை, காட்சியைப் பார்த்து ரசிக்கிறேன் என்று பதில் சொன்னது. பார்க்க அங்கே கல்லைத் தவிர ஒன்றுமில்லை.

உச்சி வெயிலில் குகை இருந்த பாறையின் அடிவாரத்தை அடைந்தார்கள். நான்கும் அண்ணாந்து பார்த்தன. நாலு பனை உயரத்துக்குச் செங்குத்தான பாறை. படி இல்லை, பாதை இல்லை. விழுதுகள் மட்டும் தொங்கின. அருவியோ அந்தப் பக்கம் பெரிய பள்ளத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டது, தண்ணீர் எட்டவில்லை.

"வாங்க, ஏறி வாங்க!" என்று மேலிருந்து குரங்கு அன்போடு கூப்பிட்டது.

"இதான் வழியா?" என்று மைனா கேட்டது.

"வேற வழி ஏது? நேத்து நீ வழியப் பத்திக் கேக்கவே இல்லையே."

முத்துவேலுக்குக் கோபம் வந்து முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. வாயைத் திறப்பதற்குள் செவந்தி கத்தியது. ஆமை நின்ற இடத்திலேயே தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. காலையிலிருந்து அதன் உடம்பில் ஒரு சொட்டு ஈரம் படவில்லை. செவந்தி ஓட்டைத் தட்டியது. உள்ளிருந்து ஒரு முனகல். மறுபடி தட்டியது. முனகல் சின்னதாகிவிட்டது.

மைனா அருவிக்குப் பறந்தது. அலகில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. அலகில் எவ்வளவு கொள்ளும்? சிறகை நனைத்துக்கொண்டு வந்து உதறியது. பாதி வழியிலேயே காய்ந்துவிட்டது, மீதி ஓட்டில் பட்டதும் ஆவியாகப் போனது. பத்துத் தடவை போய் வந்தது. செவந்தி தன் நீளக் காதை ஓட்டின்மேல் வைத்துக் கேட்டுவிட்டு மைனாவைப் பார்த்தது. அந்தப் பார்வையை மைனாவால் தாங்க முடியவில்லை.

பக்கத்தில் வேறு தண்ணீர் இருக்கிறதா என்று மேலே பறந்து தேடியது. மேலிருந்து மரத்தலைகளும் புதர்களும்தான் தெரிந்தன. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அதேதான். தரையில் இருப்பது மேலிருந்து தெரியாது என்று அப்போதுதான் அதற்கு உறைத்தது. இறக்கையை மடக்கிக்கொண்டு கீழே இறங்கியது. நடக்க ஆரம்பித்தது.

பாறை சுட்டது. இந்தச் சூட்டிலா அடைக்கலம் அண்ணன் காலையிலிருந்து நடந்தது என்று நினைத்தபோது அதற்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நடந்தது. பாறை ஓரமாகப் புதருக்குள் நுழைந்தது. கொஞ்ச தூரத்தில் விரலுக்கு அடியில் மண் ஜில்லென்றது. இன்னும் கொஞ்சம் போனது. ஒரு கல்லுக்கு அடியில் சுனை கசிந்து, இலைச்சருகுக்குக் கீழே முழங்கால் அளவு சேறும் தண்ணீரும் தேங்கிக் கிடந்தது.

"முத்துவேலண்ணே, இங்க தள்ளிட்டு வா! சரிவுதான், சீக்கிரம்!"

முள்ளம்பன்றி மூக்கால் முட்டித் தள்ளியது. முயல் முன்னால் கல்லையும் முள்ளையும் ஒதுக்கியது. ஆமை ஓடு உருண்டு போய்ச் சேற்றில் விழுந்தது. தண்ணீர் மூடிக்கொண்டது. மூன்றும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒரு குமிழி வந்தது. இன்னொன்று வந்தது. கடைசியில் சேறு பூசிய ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது.

மைனா தேம்பித் தேம்பி அழுதது. "ஏன் அண்ணே, என்னால மலை ஏற முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ஆமை கழுத்தை இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டியது.

"முதல் தடவையா கூப்பிட்டீங்க. சொன்னா, அப்ப நீ வேணாம்னு விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு, தாயி. யாராவது கேட்டா சொல்லிக்கலாம்னு இருந்தேன். யாரும் கேக்கல."

அந்தக் கோடை முழுவதும் நான்கும் அந்தப் புதருக்குள்ளேயே தங்கின. அங்கிருந்து அருவி தெரியாது.

பலரோடு சேர்ந்து தங்க இடம் தேடுகிறவர், தன் கண்ணுக்குப் பிடித்ததைப் பார்ப்பதற்கு முன் தங்களில் நடக்க முடியாதவரிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும்.